அம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டு: சமையல் கொப்பி, தையல் கொப்பி, 40 படங்கள். எப்படி ஒழுங்குபடுத்துவது?

உப்புவெளி மகள்:

வணக்கம். அம்மாவின் எட்டுச் சடங்கு முடிந்துவிட்டது. அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கடன்) இன்னும் 19 நாள் இருக்கிறது. கல்வெட்டு (அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகம்) அடிக்க வேணும். அச்சகத்தில் காட்டிய மாதிரிகளில் புலம்பல் பாட்டுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அம்மா செய்த வேலையும், வீட்டில் அவ விடாமல் நடத்திய வழக்கங்களும் அதில் இருக்க வேணும் என்பதுதான் என் ஆசை.

கையில் இருப்பது இவ்வளவும்:

சமையல் கொப்பி, 80 பக்கம். அளவெல்லாம் சுண்டுக் கணக்கு, அதாவது ஒரு பால்பேணி (பால் தகரம்) நிறைய ஒரு சுண்டு. பாதிக் குறிப்புகள் "பதம் பார்த்து இறக்கவும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. அம்மா அளந்த பால்பேணி இன்னும் குசினியில் இருக்கிறது.

தையல் அளவுக் கொப்பி, 1974இல் தொடங்குகிறது. ஒழுங்கையில் இருந்த பெண்களின் சட்டை அளவுகள். "நெஞ்சு 34, இடை 29, கை 9½" என்று இருக்கும். சில பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஆறாம் மாதம், இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தை" என்று தனக்குத் தானே எழுதி வைத்திருக்கிறா.

படம் நாற்பது அளவில். பாதி ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துப்போய் இருக்கின்றன. கல்யாணப் படம் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. அட்டைக்கு விரும்பும் படம் அடையாள அட்டை அளவில்தான் இருக்கிறது.

மூதூரில் சின்னம்மா இருக்கிறா. எல்லாம் நினைவு, ஆனால் வருடம் ஒன்றும் சொல்ல வராது.

அம்மா பிறந்தது 1948 பெப்ரவரி. தமிழ் வருடப் பெயர் சர்வதாரி என்று ஒருவர் எழுதித் தந்தார், அது சரியா? எதில் தொடங்குவது? 19 நாள் போதுமா?

---

அச்சுக்கோப்பு:

தங்கச்சி, ஆழ்ந்த அனுதாபம். 19 நாளில் இவ்வளவையும் ஒரே புத்தகத்தில் போட முயன்றால் பிழையோடுதான் வரும். இரண்டாகப் பிரியுங்கள். 31க்கு 16 பக்கத்தில் ஒரு கல்வெட்டு. சமையலும் தையலும் வழக்கங்களும் சேர்ந்த பெரிய மலரை ஆட்டைத் திவசத்துக்கு விடுங்கள். ஒரு வருடம் கையில் கிடைக்கும்.

16 பக்கத்துக்கு வழமையான ஒழுங்கு இது: அட்டையில் படமும் தோற்றம் மறைவுத் திகதிகளும். உள்ளே பிள்ளையார் துதி, திதி வெண்பா, பஞ்சபுராணம் (தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம்), பிறகு வாழ்க்கை வரலாறு, குடும்ப வரிசை, கடைசியில் நன்றி நவிலல். தேவாரத்துக்கு சம்பந்தர் திருகோணமலைக்குப் பாடிய பதிகத்திலேயே ஒன்றை எடுங்கள். எந்த ஊர்க் கல்வெட்டிலும் வரும் பாட்டைப் போடுவதைவிட அது பொருத்தம். பஞ்சபுராணத்தை 3 பக்கத்துக்குள் அடக்கினால் வரலாற்றுக்கு 5 பக்கம் மிஞ்சும்.

நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 18 பக்கம் எழுதினால் 20 ஆகும், இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். ஏ5 அளவு, உள்ளே 100 கிராம் தாள், அட்டை 250 கிராம் ஆர்ட் போர்ட் போதும். பெரிய மலர் 32 பக்கம் வந்தால் அட்டையோடு ஒரு பிரதி ஏறக்குறைய 65 கிராம் நிறுக்கும். வெளிநாட்டுக்கு 150 பிரதி அனுப்புவதென்றால் 10 கிலோ. தபால் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 30ஆம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அச்சும் மடிப்பும் வெட்டும் மூன்று நான்கு நாள். 25இல் கடைசி ஒப்புதல், 23இல் முதல் புரூப், 20இல் எழுத்து முடிய வேண்டும். இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறையோ ஞாயிறோ விழுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். ஒரு நாள் அப்படியே போய்விடும்.

பிழை அதிகம் வரும் இடம் எழுத்துரு. நீங்கள் போனில் தட்டுவது யூனிகோட். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது கொம்பு இடம் மாறும், "ஸ்ரீ" உடையும், "ஔ" இரண்டு எழுத்தாகப் பிரியும். அதனால் போனில் எழுதியதைத் திருத்திவிட்டோம் என்று விடாதீர்கள். மாற்றியபின் எடுத்த தாள் புரூப்பைத்தான் திருத்த வேண்டும். அரவும் (ா) ரகரமும் அச்சில் ஒன்றுபோல இருப்பதால் கண் தாண்டிப் போகும். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் தாளைப் பார்க்கட்டும். பெயர்களையும் திகதிகளையும் வீட்டில் இல்லாத ஒரு உறவினர் தனியாகப் பார்க்கட்டும்.

---

தம்பலகாமத்து ரீச்சர்:

மகள், முதலில் வருடப் பெயர். சர்வதாரி பிழை. தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். சர்வதாரி 1948 ஏப்ரலில் பிறந்தது. பெப்ரவரி 1948 அதற்கு முந்திய சர்வசித்து வருடத்தில் அடங்கும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் கல்வெட்டில் அடிக்கடி நடக்கும் பிழை இது. பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதி ஒரு கூட்டிலும் பதிவு செய்த திகதி இன்னொரு கூட்டிலும் இருக்கும். மாறி எழுதிவிடாதீர்கள். சாதக ஓலை இருந்தால் அதோடும் ஒத்துப் பாருங்கள்.

திதி வெண்பாவுக்கு வருடம், மாதம், பக்கம் (பூர்வமா அபரமா), திதி ஆகிய நான்கும் தேவை. இனி வருடாவருடம் திவசம் இந்தத் திதியில்தான் வரப்போகிறது, ஆகவே உயிர் பிரிந்த நேரத்தை மணியோடு குருக்களிடம் சொல்லுங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வித்தியாசம் உண்டு. உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பது வழக்கமோ அதையே பிடியுங்கள். வெண்பா எழுதுபவருக்கு அதை எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல்லில் வேண்டாம்.

வரலாறு எழுதும்போது "அன்பானவர், பண்பானவர், விருந்தோம்பலில் சிறந்தவர்" என்ற வரிகள் வந்தால் பேனையை வைத்துவிட்டு, அது எந்தச் செயலில் தெரிந்தது என்று கேளுங்கள். பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. "ஆறாம் மாதம், இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தை." வயிறு பெருக்கிற பெண் பிள்ளை பெற்ற பிறகும் அதே சட்டையைப் போடலாம் என்று நினைத்துத் தைத்தவ உங்கள் அம்மா. ஒரு பக்கப் புகழ்ச்சி சொல்லாததை இந்த ஒரு வரி சொல்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கள், பெயர்களை மட்டும் மறையுங்கள். மற்றவர் உடல் அளவு பொதுவில் வரக் கூடாது.

சின்னம்மாவிடம் வருடம் கேட்க வேண்டாம். வருடம் தெரிந்த சம்பவத்தைக் கொடுத்து "அதற்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். திருகோணமலை, மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு எல்லோருக்கும் நினைவில் நிற்கும் முளைகள் சில உண்டு. கோணேசர் கோயில் கும்பாபிஷேகம் 1963. சூறாவளி 1964 டிசம்பர். பாணுக்கு வரிசையில் நின்ற காலம் எழுபதுகளின் முற்பகுதி. இடப்பெயர்வு 1990. கடல் வந்தது 2004 டிசம்பர் 26. அம்மம்மாவின் வயது தேவையென்றால் யப்பான் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9, அப்போது அவ கையில் பிள்ளை இருந்ததா என்று கேட்டால் போதும். பழைய கடித உறையில் முத்திரை "சிலோன்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 1972 மேக்கு முந்தியது.

"அம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் "நல்லவ" என்றுதான் பதில் வரும். "விடிய எழும்பினால் முதலில் எதைத் தொடுவா? அடுப்பா, விளக்கா, கிணற்று வாளியா?" என்று கேளுங்கள். கையில் ஒரு படத்தையோ அந்தப் பால்பேணியையோ கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் வரும். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமான நிலையில் போட்டுப் பதியுங்கள், 40 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இரண்டு பேரை ஒன்றாக இருத்தினால் மூத்தவவின் கதைதான் பதிவாகும், இளையவ தலையாட்டிக்கொண்டு இருப்பா. தனித்தனியாகப் பதியுங்கள்.

குடும்ப வரிசையில் "பெரியம்மா", "மாமி" என்று எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு யாருக்குப் பெரியம்மா என்று விளங்காது. எல்லா உறவையும் அம்மாவை நடுவில் வைத்து எழுதுங்கள்: அம்மாவின் தமக்கை, அம்மாவின் தமையன் மனைவி. பூட்டிமாரின் (கொள்ளுப்பாட்டிமாரின்) பெயர் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள். ஆண்களின் பெயர் காணி உறுதிகளில் கிடக்கும், பெண்களின் பெயர் இப்படி எழுதினால்தான் மிஞ்சும்.

---

பழம்படம்:

படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடியோடு ஒட்டியதைப் பிரிக்கவே வேண்டாம். ஈரம் பட்டுப் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஆவி காட்டு, தண்ணீரில் ஊறவிடு என்று சொல்லுவார்கள், செய்யாதீர்கள். சட்டத்தையும் பின்னட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மெல்லிய துணியால் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கானரில் கவிழ்த்து எடுங்கள்.

ஒட்டும் ஆல்பத்தில் பிடித்ததற்கு பல்லிடுக்குத் துப்புரவு நூல் நல்லது. ஒரு மூலையில் நுழைத்து மெதுவாக அறுப்பதுபோல இழுத்துக்கொண்டு போங்கள். படத்தை மடக்கக் கூடாது, ஆல்பத் தாளைத்தான் பின்னுக்கு வளைக்க வேண்டும். வரமாட்டேன் என்கிற படத்தை ஆல்பத்தோடு ஸ்கான் செய்துவிட்டு விடுங்கள்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4.5 சென்றிமீற்றர் உயரமான அடையாள அட்டைப் படம் அட்டையில் 13.5 சென்றிமீற்றர் வர வேண்டுமென்றால் மூன்று மடங்கு பெருக்க வேண்டும், 900 புள்ளி. 1200இல் எடுங்கள். அதற்குமேல் கூட்டினால் தாளின் சொரசொரப்புத்தான் பெரிதாகும். கம்பியூட்டரில் முகத்தை வழுவழுப்பாக்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்னத்துக் கோடும் மச்சமும் போய் வேறு யாரோ போல் வருவா.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சில்தான். குமிழ்முனைப் பேனை அழுத்தம் முன்பக்கத்தில் கோடாகத் தெரியும்.

கொப்பிப் பக்கங்களையும் நிறத்தில் எடுங்கள். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பொட்டும் கறுப்பு வெள்ளையில் அழுக்காக விழும், நிறத்தில்தான் அது குசினிக் கொப்பி.

---

குசினிப்பக்கம்:

அக்கா, அந்தப் பால்பேணியைப் பத்திரமாக வையுங்கள். கொப்பிக்குத் திறப்பு அதுதான். சுண்டு என்று எல்லோரும் சொன்னாலும் வீட்டுக்கு வீடு பேணி வித்தியாசம். ஒரு மின் தராசில் பேணியை வைத்துச் சுழியாக்கி, பச்சரிசி, வறுத்த அரிசிமா, சீனி, பயறு நான்கையும் தலைதட்டி அளந்து நிறுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தரம் நிறுத்து நடு எண்ணை எடுங்கள். மா மட்டும் ஏமாற்றும். அரித்த கையோடு அளந்தால் இலேசு, பேணியைத் தட்டினால் அதே பேணிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும். அம்மா தட்டி அளந்தாவா அள்ளி அளந்தாவா என்பது சின்னம்மாவுக்குத் தெரியும்.

"பதம் பார்த்து" என்பதை நிமிடமாக மாற்றாதீர்கள். அடுப்பு மாறினால் நிமிடம் மாறும். கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அடையாளமாக எழுதுங்கள். ஆடிப்பிறப்புக் கூழை எடுத்துக்கொண்டால், கொப்பியில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: அரிசிமா அரைச் சுண்டு, பயறு கால் சுண்டு, தேங்காய் ஒன்று, பனங்கட்டி, சொட்டு (சிறு தேங்காய்த் துண்டு), பதம் பார்த்து இறக்கவும். விரித்தால் இப்படி வரும்.

பயறை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, சுளகில் தோல் போகப் புடைத்து, மூன்று சுண்டு தண்ணீரில் வேகவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் நசிய வேண்டும். இனிப்பு விழுந்தபின் பயறு வேகாது, ஆகவே அவசரப்பட்டுப் பனங்கட்டி போடக் கூடாது. பனங்கட்டியைத் தனியே அரைச் சுண்டு தண்ணீரில் கரைத்து வடியுங்கள், அடியில் மண்ணும் ஓலைத் தும்பும் நிற்கும். வறுத்த மாவை ஆறிய இரண்டாம் பாலில் (இரண்டு சுண்டு) கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் பயறுக்குள் ஒரு கையால் ஊற்றி மறு கையால் துழாவுங்கள். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவாகவே கட்டி நிற்கும், பிறகு எவ்வளவு துழாவினாலும் கரையாது. மா வெந்து பளபளப்பு வந்ததும் பனங்கட்டிப் பாகு, தேங்காய்ச் சொட்டு, ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில் முதற்பால் விட்டு ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்க வேண்டும். பொங்கிக் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் மிதக்கும்.

பதம்: அகப்பையைத் தூக்கினால் கூழ் நூலாக அறாமல் விழ வேண்டும், விழுந்த இடம் உடனே மூடிக்கொள்ள வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும், ஆகவே அடுப்பில் கொஞ்சம் தண்ணியாகத் தெரிவதுதான் சரி.

இப்படி எழுதிய பிறகு, சமைக்கத் தெரியாத ஒரு ஆளிடம் தாளைக் கொடுத்துச் செய்விக்க வேண்டும். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 80 பக்கத்தையும் செய்ய வேண்டாம். எண்ணெய்ப் பொட்டு அதிகம் உள்ள பக்கங்கள்தான் அம்மா திரும்பத் திரும்பப் பார்த்துச் செய்தவை, ஆறேழு போதும்.

---

அச்சுக்கோப்பு:

ரீச்சர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு மாறுபாடு. புகழ்ச்சி வரி வேண்டாம் என்பது சரி, ஆனால் புலம்பலை முழுதாக எடுத்துவிட்டால் வயதான உறவுகள் மனம் நோவார்கள். அவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் தேடுவது அதைத்தான். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று தலைக்கு நான்கு வரி, ஒரே பக்கத்தில் அடக்கலாம்.

---

தம்பலகாமத்து ரீச்சர்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு வரியையும் அச்சகத்து மாதிரியில் இருந்து எடுக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் அம்மம்மாவை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தச் சொல்லிலேயே தொடங்கட்டும். யாப்பு தளர்ந்தாலும் பரவாயில்லை.

வழக்கங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. அவற்றை வருடச் சுற்றாக எழுதுங்கள், தைப்பொங்கலில் தொடங்கி மார்கழித் திருவெம்பாவையில் முடியலாம். "பொங்கல் பொங்குவோம்" என்று எழுதினால் அது எல்லா வீட்டுக்கும் பொது. முற்றத்தில் பானை வைத்தது யார், முதல் பிடி அரிசி போட்டது யார், பால் எந்தப் பக்கம் வழிந்தால் என்ன சொன்னார்கள், முதல் படையல் எங்கே போனது, இவையே உங்கள் வீடு. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்தவ யார், நவராத்திரிக் கும்பத்துக்கு வீட்டிலிருந்து என்ன போனது என்பதையும் விடாதீர்கள், இவை திருகோணமலைக்கே உரியவை. எது எந்த வருடத்தோடு நின்றது, ஏன் நின்றது என்பதையும் எழுதுங்கள். இடம்பெயர்ந்ததால் நின்ற வழக்கமும், செய்தவர் போனதால் நின்ற வழக்கமும் வேறு வேறு.

இன்னொன்று. தாயை இழந்தவர்களுக்கு இனிச் சித்திரா பௌர்ணமி விரதம் உண்டு, தந்தைக்கு ஆடி அமாவாசை. அம்மா தன் தாய்க்காக அதைப் பிடித்திருந்தால் அன்று வீட்டில் என்ன சமைத்தா, எதைத் தவிர்த்தா என்று சின்னம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அது மலருக்கு மட்டுமல்ல, வருகிற சித்திரைக்கு உங்களுக்கே தேவைப்படும்.

அந்தியேட்டியைத் திருகோணமலைக் கன்னியாவில் செய்வதானால், இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்ற ஐதீகத்தையும் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் இரண்டு வரியில் குறிப்பிடலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏன் அங்கே போனோம் என்று விளங்கும்.

---

பழம்படம்:

அச்சடித்தபின் ஒரு பிரதியையும் பிடிஎப் கோப்பையும் நூலகம் என்ற ஈழத்து எண்ணிம நூலக இணையத்தளத்துக்குக் கொடுங்கள். 2005இல் இருந்து இயங்குகிறது, நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். பொதுவில் போவதால் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதி, பாடசாலைப் பெயர் எதுவும் புத்தகத்திலேயே வராமல் பாருங்கள். பெயரும் உறவும் போதும்.

---

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 31க்கு 16 பக்கம் என்று முடிவு செய்துவிட்டோம். சர்வசித்து என்று திருத்தியாயிற்று.

பேணியை நிறுத்தேன். தலைதட்டிப் பச்சரிசி 248 கிராம். வறுத்த மா அரித்த கையோடு 165, தட்டினால் 190. சின்னம்மாவிடம் கேட்டதற்கு, அம்மா பேணியை அம்மிக் கல்லில் இரண்டு தரம் தட்டித்தான் அளப்பா என்கிறா. பேணியின் விளிம்பில் ஒரு இடம் நசிந்திருப்பது அதனால்தானாம். அப்படியானால் கூழுக்கு அரைச் சுண்டு என்பது 95 கிராமா? கொப்பியில் உள்ளபடி சுண்டு என்றே போடுவதா, கிராமாக மாற்றுவதா?

---

குசினிப்பக்கம்:

95 சரி. மொத்த நீர் பயறுக்கு 3, இரண்டாம் பால் 2, பாகுக்கு அரை, முதற்பால் ஏறக்குறைய முக்கால் சுண்டு என்று வருகிறது, அதற்கு அந்த மா அளவாக நிற்கும். முன்னே சுண்டு, பக்கத்தில் அடைப்புக்குள் கிராம். கிராமை மட்டும் போட்டால் அம்மாவின் குறிப்பு இல்லை, சுண்டை மட்டும் போட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது. சமையல் பகுதியின் முதல் பக்கத்தில் நசிந்த விளிம்பு தெரியப் பேணியின் படத்தைப் போட்டு, கீழே "இரண்டு தரம் தட்டி அளந்த சுண்டு: பச்சரிசி 248 கிராம், வறுத்த மா 190 கிராம்" என்று எழுதுங்கள். அரிசி 248 தலைதட்டியது என்றீர்கள், அதையும் ஒருதரம் தட்டி அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.